சொந்த மூளை வேண்டாத அட்டை

நிழற்படங்களையும் காணொளிகளையும் ஓரிடத்தில் வைத்து வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் வழங்கும் கோப்பு சர்வரில் வன்தட்டுகள் பெருகும்போது, மதர்போர்டில் வழக்கமாக இருக்கும் நான்கு அல்லது ஆறு சாட்டா இணைப்புகள் போதாமல் போவதால், கூடுதல் தட்டுகளைப் பிணைக்கும் கன்ட்ரோலர் அட்டை ஒன்று தேவைப்படுகிறது. விலை மிகுந்ததே சிறந்தது என்று கருதி ரெய்டு அட்டையை நாடுவது இயல்பென்றாலும், வீட்டுப் பயன்பாட்டில் அது பெரும்பாலும் தவறான தேர்வாகவே முடிகிறது.

பல வன்தட்டுகளில் தரவைப் பகிர்ந்தெழுதி, ஒன்று பழுதடைந்தாலும் மற்றவற்றிலிருந்து அதை மீட்பதே ரெய்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் இதை ஆய்வுக்கட்டுரையாக முன்வைத்தனர். இப்பகிர்வுக்கும் மீட்புக்கும் வேண்டிய கணக்கு வேலையைத் தானே செய்வதற்காக, ரெய்டு அட்டை தனிச் செயலியையும் நினைவகத்தையும், உயர்வகையாயின் மின்தடையில் அந்நினைவகத்தைக் காக்கும் மின்கலத்தையும் கொண்டிருக்கிறது. இன்றைய கணினிச் செயலிகளுக்கு அச்சுமை ஒரு பொருட்டே அன்று. அதோடு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் திறமூலமாக வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை அப்பணியை மென்பொருளிலேயே இன்னும் நுட்பமாகச் செய்கிறது: ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணித்து வைத்து, படிக்கும்போது அது பொருந்தாவிடில் வேறொரு தட்டிலுள்ள நல்ல படியைக் கொண்டு திருத்திவிடுகிறது. ரெய்டு அட்டையோ எல்லாத் தட்டுகளையும் ஒரே தட்டாகக் காட்டுவதால், பிழையைக் கண்டுபிடித்தும் நல்ல படியை அம்மென்பொருளால் எட்ட முடிவதில்லை. அட்டையே பழுதானால் அதே குடும்பத்து அட்டையைத் தேடி அலைய நேர்வது இதனினும் பெரிய தொல்லை.

எனவே தேவைப்படுவது, தட்டுகளை உள்ளபடியே இயங்குதளத்துக்குக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் எச்.பி.ஏ. என்னும் எளிய அட்டை. எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் 9211-8i இவ்வகையில் பெயர்பெற்றது; சர்வர்களுக்குரிய சாஸ் தட்டுகளுக்காக அமைந்ததெனினும் சாட்டா தட்டுகளையும் ஏற்கும். அதே சில்லுடன் ஐ.பி.எம். எம்1015, டெல் எச்200 என்னும் பெயர்களில் வந்த அட்டைகள் பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு மலிவாக விற்கப்படுகின்றன; ஐ.டி. முறை எனப்படும் ஃபர்ம்வேரை ஏற்றினால், அவை ரெய்டு வேலையைக் கைவிட்டு முழு எச்.பி.ஏ. ஆகிவிடும்.

பழைய தலைமுறை என்பதால் தயங்க வேண்டியதில்லை. சுழலும் வன்தட்டு ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 250 மெகாபைட் தருமென்று கொண்டால், இவ்வட்டையில் நேரடியாக இணையும் எட்டுத் தட்டுகளும் ஒருசேர இயங்கினாலும் 2 ஜிகாபைட்டே ஆகும். அட்டை அமரும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 எட்டுத் தட இணைப்போ 4 ஜிகாபைட் வரை தாங்கும். வீட்டு வலையமைப்பு 1 ஜிகாபிட் எனில், அதன் வழியே 125 மெகாபைட்டுக்கு மேல் போக வழியே இல்லை.

கவனம் வேண்டியது வெப்பத்திலும் கேபிளிலும்தான். பலத்த காற்றோட்டமுள்ள சர்வர் பெட்டிகளுக்காக வடிவமைக்கப்பட்ட இவ்வட்டைகள் ஓசையற்ற வீட்டுப் பெட்டியில் கொதித்துப்போவதால், அவற்றின் மேல் சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்துவது நல்லது. அட்டையின் ஒரு முனையிலிருந்து நான்கு சாட்டா தட்டுகளுக்குப் பிரியும் கேபிளில் நேர்வகை, எதிர்வகை என இரண்டு உண்டு. தோற்றத்தில் வேறுபாடு தெரியாத இவற்றில் எதிர்வகையை மாட்டினால் ஒரு தட்டும் தென்படாது.