உழைச்செல்வானும் சுங்கை பூலோவும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் ஈற்றுக் குறளை ஆசிரியர்கள் நன்கறிவர். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. 'உழை' என்றால் பக்கம். பக்கத்தே நின்று பணி செய்பவனே உழைச்செல்வான். அவனுக்குரிய இயல்புகளாக நோயாளியிடத்து அன்பு, மன மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கையும் பரிமேலழகர் காட்டுகிறார். தமிழகத்தார் செவிலியர் என்றும் மலேசியத் தமிழர் தாதியர் என்றும் இன்று வழங்குவது இவரையே.

மருத்துவரும் மருந்தும் நோயைத் தீர்க்க இயலாதபோது இந்த நான்காமவருக்கு என்ன வேலை? இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு 1930-இல் திறக்கப்பெற்றது. சிறை போன்ற கொட்டடி வேண்டா, தோட்டமும் வீடுமாக ஊர் போன்ற இடமே வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். இடம் ஊர் போலிருந்தும், சட்டம் நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்தே வைத்தது. அந்நாளில் கிடைத்த மருந்து நீரடிமுத்து இனத்து எண்ணெய். அதை ஊசியாக ஏற்றினர். வலி மிகுதி, பயன் சிறிது. நோய்க்கு அஞ்சி வெளியார் தயங்கிய அக்காலத்தில், நோயாளருள் உடல் வலுவுடையோரே பயிற்சி பெற்று மற்றவருக்குப் புண் கழுவிக் கட்டினர். நோயுற்றவனும் உழைச்செல்வானும் அங்கு ஒருவராகவே இருந்தனர்!

தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் கை கால்களில் உணர்வு மாயும். கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றினாலும் சுடாது. முள் தைத்தாலும் தெரியாது. வலிக்காத புண்ணே அங்கு அஞ்சத்தக்க புண். ஆகவே நோயாளி உணராததைத் தாதி கண்ணால் தேட வேண்டும். நாள்தோறும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்னர் டாப்சோனும், 1980-களில் கூட்டு மருந்தும் வந்து நோயைத் தீர்த்தன. போன விரல்கள் மீளவில்லை. திரும்பிச் செல்ல வீடற்றோர் அங்கேயே முதுமை எய்தினர். அவர்களைப் பேணும் வேலையும் தொடர்ந்தது.

தீராத நோயின் இறுதி நாள்களில் ஒருவரைப் பேணுவதை ஹாஸ்பிஸ் பணி என்பர். இதற்கென 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், முதலில் தாதியாக இருந்து பின்னர் மருத்துவரானவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-இல் தோன்றிய ஹாஸ்பிஸ் மலேசியா அமைப்பின் தாதியர் நோயாளரின் வீடு தேடிச் செல்கின்றனர்.

இங்கே நிலைமை தலைகீழ். புண் வெளியே தெரியாது. வலியோ பொறுக்க இயலாது. மார்பின் என்றாலே நம்மவர், சாகக் கொடுக்கும் மருந்து என்று மிரளுவர். அது தவறு. வாய்வழி உட்கொள்ளும் சாதாரண மார்பினை வலி வந்தபின் அன்று, வலி எழுமுன்பே, நான்கு மணிக்கொரு முறை கொடுப்பது முறை. அதனால் மலச்சிக்கல் உண்டாகும். அதற்கான மருந்தையும் உடன் கொடுத்தாக வேண்டும். இதை மறந்தால் நோயாளி மார்பினையே வெறுத்து ஒதுக்குவார். பேச இயலாதவரின் வலியை நெற்றிச் சுருக்கத்தில் கண்டு மருத்துவருக்குச் சொல்பவரும் தாதியே.

என் கருத்தில், நோயாளியைக் காட்டிலும் சுற்றத்தாரைத் தேற்றுவதே கடினம். "ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கட்டும்" என்று மகள் கரண்டியோடு நிற்பாள். அடங்கும் உடல் உணவை நாடாது. விழுங்கும் ஆற்றலும் குன்றியிருக்கும். நம் வழக்கப்படி வாயில் பால் ஊற்ற மகன் வருவான். ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கித் திணறும். தடுத்தாலோ மகனின் கடமையைத் தடுத்ததாகும். தொழில் அறிந்த தாதி பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து அவன் கையிலேயே கொடுத்து, உதட்டைத் தொட்டு ஈரமாக்கும் வகையைக் காட்டிவிட்டுச் சற்றே விலகி நிற்பார்.