பத்து நாளில் முடிகிற சிகிச்சையா இது?

"பத்து நாள் போதை மறுவாழ்வு மையத்தில் வைத்திருந்தோம், பையன் தெளிந்துவிட்டான்" என்று பெற்றோர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். மிக ஆபத்தான நாள்கள் தொடங்குவது அப்போதுதான்.

ஹெராயின், அபின், கரைத்து ஊசியில் ஏற்றும் டேபென்டடால் வலி மாத்திரை எல்லாம் ஓபியாய்டு வகை. நிறுத்தியதும் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், தூக்கம் போகும். ஒரு வாரம், பத்து நாளில் அது அடங்கும். அதற்குள் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும், ஏக்கம் குறையாது. பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம்.

இதைத் தடுக்கத்தான் ப்யூப்ரினார்ஃபின், மெதடோன் மருந்துகள். 2005-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவை சேர்ந்தன. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று குடும்பங்கள் பாதியில் நிறுத்தச் சொல்வதைக் கேட்கும்போது மனம் பதைக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் சீராக எடுக்கும் அளவு ஏக்கத்தை அடக்குகிறது, உயிரைக் காக்கிறது.

ஆனால் மருந்து மட்டும் போதாது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை 1970-களில் ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் சுமார் 5 சதவீதம்தான். போர்க்களமும் அதன் பயமும், எளிதில் கிடைத்த சரக்கும் பின்னால் போயிருந்தன. நம் பையனோ அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், வேலையில்லாத அதே பகலுக்குத் திரும்புகிறான். வேலை, மனச்சோர்வுக்குச் சிகிச்சை, குடும்பத்துக்கு ஆலோசனை, ஊசி போட்டவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை எல்லாம் சிகிச்சையின் பகுதிகளே. யோகா துணைக்கு வரலாம், மருந்துக்கு மாற்றாகாது.

போலீசுக்குப் பயந்து ஒளிக்க வேண்டாம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் வழக்கு விசாரணையிலிருந்து பாதுகாப்பு உண்டு. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநல பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சேர்க்கும் முன் மையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். வழிகாட்டுதலுக்கு 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

அளவு மீறி எடுத்தவருக்கு உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மந்தமானால் உடனே 108. என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் ஊசி மூச்சை மீட்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருங்கள்.