467 கிணறுகளும் ஒரு விரிதாளும்

பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கைக்காக இன்றும் பேசப்படுகிறது. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆய்வு செய்தபோது, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நம் பகுதியைப் பற்றியும் அதில் ஓர் எண் உண்டு. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்திருந்தது. யாரோ கிணறு கிணறாக, வயல் வயலாகப் போய்ப் பார்த்து எழுதி வைத்ததால்தான் இந்த எண்கள் நீதிமன்றம் வரை போயின.

இன்று அந்த வேலையின் ஒரு சிறு பங்கை நம் எட்டாம் வகுப்பு மாணவர்களே செய்யலாம். கேன் தண்ணீர் போடுபவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பள்ளிகளில் வீட்டுக் கிணற்று நீரையோ போர் நீரையோ பாட்டிலில் கொண்டுவரச் சொன்னால் ஒரு பாடவேளையில் அளந்துவிடலாம். (பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அனுப்ப வேண்டாம். பெரியவர்கள் பிடித்துத் தரட்டும்.) ஆனால் அளந்த எண்கள் பெரும்பாலும் நோட்டோடு நின்றுவிடுகின்றன. அவற்றை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி லுக்கர் ஸ்டுடியோவோடு இணைத்தால், புதிய அளவு சேரச் சேரப் படமும் தானாக மாறும். டேட்டா ஸ்டுடியோ என்று இருந்த இந்தக் கருவிக்கு 2022 அக்டோபரில் இந்தப் பெயர் வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும்.

இணைப்பது ஐந்து நிமிட வேலைதான். லுக்கர் ஸ்டுடியோவில் 'கிரியேட்', பிறகு 'ரிப்போர்ட்' என்று போனால் எங்கிருந்து தரவு எடுப்பது என்று கேட்கும். கூகுள் ஷீட்ஸைத் தேர்ந்து, அனுமதி கொடுத்து, கோப்பையும் அதற்குள் எந்தத் தாள் என்பதையும் காட்டி, முதல் வரிசையைத் தலைப்பாகக் கொள்ளும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்து 'ஆட்' கொடுத்தால் முடிந்தது. உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியிலேயே செய்யலாம்.

நேரம் பிடிப்பது அதற்கு முந்தைய வேலை. நமக்கு மதிப்பெண் பதிவேடு பழக்கம். பெயர் இடப்பக்கம், தேர்வுகள் வலப்பக்கமாக நீளும். அதே பழக்கத்தில் கிணறு இடப்பக்கம், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மாதங்களை வலப்பக்கம் அடுக்கினால், லுக்கர் ஸ்டுடியோ ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளும். காலப்போக்கில் ஏறியதா இறங்கியதா என்று காட்ட அதனால் முடியாது. ஓர் அளவுக்கு ஒரு வரிசை என்பதே விதி. தேதி, கிணற்று எண், ஊர், கிணறா போரா, ஆழம், டி.டி.எஸ்., குறிப்பு ஆகிய ஏழு நெடுவரிசைகள் போதும். செல்களை ஒட்ட வைத்து மேலே அலங்காரத் தலைப்பு போடக் கூடாது. டி.டி.எஸ். கட்டத்தில் 1200 என்று மட்டும் இருக்க வேண்டும். '1200 மி.கி.' என்று எழுதினால் அது எண்ணாக இராது, எழுத்தாகிவிடும். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். தமிழில் ஆம்பூர், ஆங்கிலத்தில் ஆம்பூர், ஓர் எழுத்துப் பிழையோடு ஆம்பூர் என்று இருந்தால் படத்தில் மூன்று ஊர்கள் முளைக்கும்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. ஷீட்ஸின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 5/6 என்பது மே 6 ஆகிவிடும். 25/6 தேதியாகவே கொள்ளப்படாது. முதல் நாளே இந்தியா என்று மாற்றிவிட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படம் பொய் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. எண் நெடுவரிசையைக் கண்டால் லுக்கர் ஸ்டுடியோ வழக்கமாக அதைக் கூட்டித்தான் காட்டும். ஒரு கிணற்றில் 600 என்று பத்து முறையும், இன்னொன்றில் 2400 என்று இரண்டு முறையும் அளந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் முதல் கிணறு 6000, இரண்டாவது 4800. நல்ல கிணற்றின் பட்டை உயர்ந்து நிற்கும். குடிக்கவே கூடாத கிணறு குள்ளமாகத் தெரியும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 'சம்' என்பதைச் சொடுக்கி 'ஆவரேஜ்' என்று மாற்றினால் 600, 2400 என்று உண்மை தெரியும். கணித ஆசிரியர்கள் இதை மாற்றாமலே முதலில் வகுப்பில் காட்டலாம். 'எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பாய்?' என்று கேட்டுவிட்டுப் பிறகு மாற்றிக் காட்டினால், சராசரி எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

படத்தில் 500, 2000 என இரண்டு குறுக்குக் கோடுகள் போடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு நீர் இல்லாதபோது 2000 உச்ச அளவு. கோடு இல்லாத பட்டைக்கு அர்த்தம் இல்லை.

ஷீட்ஸில் எண்ணைச் சேர்த்ததும் படம் மாறவில்லையே என்று பதற வேண்டாம். சாதாரணமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது புதிய தரவை எடுக்கும். அவசரமென்றால் 'ரெஃப்ரெஷ்' கொடுக்கலாம். புதிய நெடுவரிசை சேர்த்தால் மட்டும் தரவு மூலத்துக்குள் போய்ப் புலங்களைப் புதுப்பிக்க வேண்டும்.

இனி, யார் பார்க்கலாம் என்பது. இணைத்தவரின் அனுமதியிலேயே படம் இயங்கும்படி இருந்தால், இணைப்பு கிடைத்த எவரும் ஷீட்ஸைத் திறக்காமலே தரவைப் பார்க்க முடியும். அதனால் மாணவர் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எதுவும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. யாருடைய கிணறு எந்த எண் என்ற பட்டியல் தனிக் கோப்பில் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது என்பது ஒருபுறம். நம் வகுப்பறைக்கு அதைவிட நெருக்கமான காரணம் இருக்கிறது. தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்யும் அப்பா அம்மாவின் பிள்ளைகள்தான் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வரைபடத்தில் துல்லியமாகப் புள்ளி வைத்தால் ஒரு வீட்டின் நிலமதிப்பும் ஒரு வீட்டின் வேலையும் பேச்சுக்கு வரும். ஊர் அளவில் காட்டினால் போதும்.

மீட்டர் எதைச் சொல்லாது என்பதையும் படத்தின் அடியிலேயே எழுத வேண்டும். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவாக மாற்றிக் காட்டுகிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பும் அதில் இருக்கலாம். பாறையிலிருந்து இயற்கையாகக் கரைந்த உப்பும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல மீட்டரால் முடியாது. குரோமியத்தையும் அது காட்டாது. குடிநீரில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவு சேர்ந்தாலும் மீட்டரின் எண்ணில் ஒன்றும் தெரியாது. 300 என்று காட்டும் நீரை 'பாதுகாப்பானது' என்று பச்சை வண்ணமிட்டு ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால், அந்த வீடு அதை நம்பிக் குடிக்கும். ஆகவே பச்சை வண்ணமே வேண்டாம். 500க்குக் கீழே நீலம், மேலே ஆரஞ்சு என்று வைத்து, 'உப்பு மட்டுமே அளக்கப்பட்டது. குரோமியம், கிருமிகள் அளக்கப்படவில்லை' என்று ஒரு வரி சேருங்கள். சந்தேகமுள்ள கிணற்றின் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அந்த முடிவை அதே தாளில் தனி நெடுவரிசையாகச் சேர்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறையும், மழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒருமுறையும் அளந்தால் ஒரே கிணற்றின் இரு நிலைகள் கிடைக்கும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே தாளின் கடைசி வரிசைக்குக் கீழே தொடரலாம்.