ஊர்க்காரர் செய்த துப்பாக்கி, அந்நியன் போட்ட முத்திரை

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகாவுக்குள் புகுந்தபோது, செக் ஆயுதத் தொழிற்சாலைகளும் அதன் கைக்குப் போயின. அவற்றில் தயாரான ஒரு கைத்துப்பாக்கிதான் 'வி.இசட். 27'. 'வி.இசட்.' என்பது 'மாதிரி' என்ற பொருள் தரும் செக் சொல்லின் சுருக்கம்.

7.65 மி.மீ. குண்டு, எட்டுத் தோட்டா கொள்ளும் மேகசின். முந்தைய 24-ஆம் மாதிரியில் சுழலும் குழல் இருந்தது. வடிவமைப்பாளர் ஃப்ரான்டிஷெக் மிஷ்கா அதை எளிமையாக்கினார். சுட்ட வேகமே மேல்பகுதியைப் பின்னே தள்ளும். ஆக்கிரமிப்புக் காலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் தயாராயின. மேல்பகுதியை உற்றுப் பார்த்தால் 'எஃப்என்ஹெச்' என்று மூன்று சிறிய எழுத்துகள் தெரியும். அது ஜெர்மானியர் இட்ட ரகசியக் குறி. செய்தது செக் தொழிலாளியின் கை!

அதே பிராகாவின் எதிர்ப்புப் போரைத் திரை மறக்கவில்லை. யிர்ஷி செக்வென்ஸின் 'அதென்டாட்' (1964), 'ஆபரேஷன் டேபிரேக்' (1975), ஷான் எல்லிஸின் 'ஆந்த்ரபாய்ட்' (2016) மூன்றும் நாஜி அதிகாரி ஹைட்ரிக் மீதான தாக்குதலைச் சொல்பவை. 1942 மே 27 அன்று எதிர்ப்பு வீரர் கப்சீக்கின் ஸ்டென் துப்பாக்கி சுட மறுத்தது. அவருடைய தோழர் குபிஷ் வெடிகுண்டை வீசினார். காயம்பட்ட ஹைட்ரிக் கைத்துப்பாக்கியோடு காரிலிருந்து இறங்கினார். எட்டு நாளில் இறந்தார்.

ஜூன் 18-இல், இந்த இருவர் உட்பட ஒளிந்திருந்த ஏழு வீரர்கள் பிராகாவின் ரெஸ்லோவா தெருத் தேவாலயத்தில் முற்றுகையிடப்பட்டார்கள். எதிரே நூற்றுக்கணக்கான எஸ்.எஸ். படையினர், இவர்களிடம் முக்கியமாகக் கைத்துப்பாக்கிகள். தேவாலய நிலவறைக்குள் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. கடைசிவரை வீரர்கள் யாரும் சரணடையவில்லை. 'ஆந்த்ரபாய்ட்' படக்குழு அந்தத் தேவாலயத்தின் உட்புறத்தை ஸ்டூடியோவில் அப்படியே எழுப்பியது.

நிஜத் தேவாலயத்தின் நிலவறைச் சன்னலைச் சுற்றி, குண்டு பாய்ந்த குழிகள் இன்றும் இருக்கின்றன.