ஏடு அறிந்ததே வாய் அறியும்

சம்பாஷிக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொறியை நம்மவரின் பழைய நூல்களும் பத்திரிகைகளும் அடங்கிய தரவுத்தளத்தோடு இணைத்துவிட்டால், திருகோணமலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அது பிழையின்றி விடை கூறுமா என்று சீனக்குடா வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூறக்கூடும், ஆயினும் அந்தப் பெருமையில் பெரும்பங்கு வாய் பேசும் பொறிக்கு உரியதன்று.

பொறி நமது கேள்வியை ஒரு வினவலாக எழுதி அனுப்புகிறது. திரும்பி வந்ததைப் படித்து நயமாகச் சொல்லுகிறது. இத்தகைய தூதுக்கு ஒரு பொது நெறிமுறையை அன்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது முதல் விளம்பரக்காரரின் ஆரவாரம் காதைத் துளைக்கிறது. தூது போவது சுலபம். போன இடத்தில் விடை கண நேரத்தில் அகப்படுவதே விந்தை.

இந்த விந்தையை விளங்கிக்கொள்ள, பிறிமா மா ஆலைக்குக் கோதுமையும் சீமெந்து ஆலைக்குக் கிளிங்கரும் கொண்டுவரும் கப்பல்களை, வந்த வரிசையில் இலக்கமிட்டுப் பதியும் கணக்கப்பிள்ளை ஒருவரைக் கற்பனை செய்வோம். டிசம்பரில் கிளிங்கரோடு வந்தவை எவை என்று கேட்டால், அவர் ஏடு முழுவதையும் புரட்ட வேண்டும். அதே ஏட்டைத் தலைகீழாக்கி, சொல்லுக்கு ஒரு பக்கமாக எழுதிவிட்டால், 'கிளிங்கர்' பக்கத்தில் 4, 19, 33, 58 என்றும், 'டிசம்பர்' பக்கத்தில் 7, 19, 40, 58 என்றும் ஏறுவரிசையில் இலக்கங்கள் நிற்கும். இரு பக்கங்களிலும் ஒவ்வொரு விரலை வைத்து, சிறிய இலக்கத்தின் மீதுள்ள விரலை மட்டும் முன்னே நகர்த்தி, இரண்டும் ஒத்தால் அதைக் குறித்து இரு விரல்களையும் நகர்த்திக்கொண்டு போனால், ஒருதரமும் பின்னே திரும்பாமல் 19, 58 என்ற விடை கைக்கு வந்துவிடும். எத்தனை கப்பல் என்பதையும் அங்கேயே எண்ணிவிடலாம். எண்ணுகிற வேலையைப் பேச்சுப் பொறியிடம் விடலாகாது. கணக்கப்பிள்ளை சிக்கனக்காரருமாவார்: 4, 19, 33, 58 என்பதை 4, 15, 14, 25 என்று இடைவெளிகளாகக் குறித்து இடத்தை மிச்சம்பிடிப்பார். கப்பலில் ஏறிப் பார்க்க மட்டும் மாட்டார். அது நடுக்கடலில் மூழ்கிப்போயிருப்பினும், ஏட்டைத் திருத்தும்வரை, துறையில் நிற்பதாகவே சத்தியம் செய்வார்!

சரித்திரம் வேண்டுவோருக்கு: ரொபேர்ட்டோ பூசா என்ற இயேசுசபைக் குருவானவர் இறையியலாளர் அக்குவைனாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு செய்ய 1949இல் ஐபிஎம் துணையை நாடினார், அரிய சொல்லுக்கு அதிக மதிப்பளிக்கும் முறையைக் கணினி அறிஞர் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் வகுத்தார், இவ்வழியில் வந்த எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருள் 2010இல் வெளியாயிற்று. இவ்வளவு போதும்.

நமக்குரிய சங்கடம் வேறு. ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' போன்றதொரு சேகரத்தில், 'திருகோணமலை', 'திருகோணமலையில்', 'திருமலை' ஆகியவற்றை வேற்றுமையுருபு நீக்கி, ஒன்றென முடிச்சிட ஒருவர் இல்லாவிட்டால், அவை மூன்று தனிப் பக்கங்களாகவே நிற்கும். சாமர்த்தியமுள்ள பொறி மூன்றையும் மாற்றி மாற்றித் தேடிப்பார்க்கும் என்பது மெய்யே. எனினும் மங்கிய பத்திரிகைத் தாளைக் கணினி எழுத்தாக்கும்போது 'கோ' என்பது 'சோ' என்று பதிவாகிவிட்டால், அந்தத் தாள் எவர் கண்ணிலும் படாது. அப்போதும் பொறி, 'அப்படியொரு செய்தி இல்லை' என்று பண்டிதரைப் போலச் சாதிக்கும்.

ஆகவே, இணைப்பு விற்க வருபவரிடம் வாசகர் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: பொறி அனுப்பிய வினவலைக் காட்டுவீரா? விடை எந்தப் பக்கத்தில் உள்ளது? எழுத்தாக்கிய தாள்களை மெய்ப்புப் பார்த்தவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடையில்லையெனில், பணத்தை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுப்பதே உத்தமம்.