காகிதம் வெட்டும் மின் கருவி: வாங்குமுன்பும் வெட்டுமுன்பும் கவனிக்க வேண்டியவை



பழவேற்காட்டுப் பக்கம் நம் பெண்கள் தலைமுறைகளாகப் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைந்து வருகிறார்கள். வீட்டிலிருந்தபடியே கைத்திறனால் சம்பாதிப்பது நமக்குப் புதிதல்ல. நிக்காஹ் பத்திரிகை, பரிசுப் பெட்டி, ரமலான் தோரணம் போன்ற காகித வேலைகளுக்கு இப்போது சிறிய மின் கருவி வந்திருக்கிறது. பார்க்க பிரிண்டர் போல இருக்கும். மைக்குப் பதில் உள்ளே ஒரு சிறு கத்தி. கணினியிலோ செல்போனிலோ வரைந்த கோட்டின் மேல் அந்தக் கத்தி ஓடும்.

எழுத்தைக் காகிதத்தில் வெட்டியெடுப்பது முஸ்லிம்களின் பழைய கலையும்கூட. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஹெராத்திலும் பின்னர் உஸ்மானியர் ஆண்ட இஸ்தான்புலிலும் அரபு எழுத்தணியை நுட்பமாக நறுக்கி ஒட்டிய கைவினைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் கையால் செய்ததை இன்று கருவி செய்கிறது. ஆனால் கருவிக்குச் சரி தவறு தெரியாது. பிழையோடு கொடுத்தால் நூறு தாளையும் பிழையோடே வெட்டித் தரும். ஆகவே வெட்டுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

வாங்குமுன்

க்ரிகட், சில்லவுட், பிரதர் ஆகியவை தெரிந்த பெயர்கள். கருவியின் விலையோடு ஒட்டுப்பாய், கத்தி, தாள் ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பாருங்கள். இவை அடிக்கடி மாற்ற வேண்டியவை. மென்பொருளையும் விசாரியுங்கள். 2021 மார்ச்சில் க்ரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. வாடிக்கையாளர் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது. கருவி நம் வீட்டில் இருந்தாலும் மென்பொருளின் பிடி நிறுவனத்திடம்தான் என்பதற்கு இது சான்று. சில்லவுட்டின் மென்பொருள் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் அதன் இலவசப் பதிப்பு எஸ்.வி.ஜி. கோப்பைத் திறக்காது.

தவணையில் வாங்கினால் அதில் வட்டி ஒளிந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து ஒரு கருவி வாங்குவது நல்லது. பங்கையும் முறையையும் எழுதி வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

எழுத்துகள்

சில மென்பொருள்களில் தமிழில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அரபு எழுத்துகள் இணையாமல் தனித்தனியாக விழும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, பிறகு கருவிக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

தாளில் எழுத்தைத் துளையாக வெட்டும்போது க, ண, ஒ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். அதைப் பிடித்து நிறுத்த மெல்லிய பாலம் விட்டு வரையுங்கள். எழுத்தையே தனியாக வெட்டியெடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளியும் அரபு எழுத்தின் நுக்தாவும் தனித்துண்டாகும். ஒரு நுக்தா இடம் மாறினாலும் பொருள் மாறிவிடும். மணமக்கள் பெயரை வீட்டாரிடமும், அரபு வாசகத்தை ஹஸ்ரத்திடமும் காட்டிய பிறகே வெட்டுங்கள்.

வெட்டும்போது

ஏரிக்காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. ஈரமேறிய தாள் சுருளும். வெட்டும் இடத்தில் கிழியும். தாள்களைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள். கருவியையும் கத்தியையும் மூடி வைத்தால் துரு அண்டாது.

மெல்லிய தாளுக்குக் குறைந்த பிசினுள்ள பாய், பத்திரிகை அட்டைக்கு நடுத்தரப் பாய். ஒவ்வொரு புதுத் தாளிலும் மூலையில் சிறு வட்டம் வெட்டிப் பார்த்து அழுத்தத்தைத் திருத்துங்கள். நுணுக்கமான பூவேலைக்கு வேகத்தைக் குறையுங்கள். எடுக்கும்போது தாளைப் பிய்க்காதீர்கள். பாயைக் கவிழ்த்து, தாள் தரையில் படிந்திருக்க, பாயை மெல்ல வளைத்து உரியுங்கள். அப்போது தாள் சுருளாது.

காகிதத்துக்கு ஒரு கத்தி, வினைல் ஒட்டுத்தாளுக்கு வேறு கத்தி என்று பிரித்து வையுங்கள். கத்தியில் ஒட்டிய தூளை, உருட்டிய அலுமினியத் தாளில் சில முறை குத்தி எடுக்கலாம். பாதி வெட்டில் கரண்ட் போனால் அந்தத் தாள் பெரும்பாலும் வீண். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். கத்தி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

மிச்சம்

அல்லாஹ்வின் பெயரும் ஆயத்தும் உள்ள துண்டுகளைக் குப்பையில் போடாமல் தனிப் பையில் சேர்த்து, ஹஸ்ரத் சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள். கேட்ட பிறகு கிழித்தெறியப்படும் பத்திரிகையில் ஆயத் வேண்டுமா என்பதையும் வீட்டாரிடம் முன்பே பேசுங்கள். வினைல், மினுமினுப்புத் துணுக்குகள் பிளாஸ்டிக். அவை ஏரிக்குப் போகக் கூடாது. நம் மீனும் இறாலும் அங்கேதான் வளர்கின்றன.

முதலில் சொந்த வீட்டு விசேஷத்துக்குச் செய்து பாருங்கள். கை பழகி, ஒரு பத்திரிகைக்கு ஆகும் செலவும் நேரமும் கணக்கில் வந்தபின் வெளி வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.