பகை வீட்டுப் பிள்ளைகள்!

தாய்லாந்து டெலிவிஷனில் சிரிப்பும் கண்ணீரும் கலந்த காதல் கதை

அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டு வீட்டாருக்கும் தீராத பகை. தொழிலிலும் போட்டி.

ஒரு வீட்டுப் பையன் பெயர் பேட். அடுத்த வீட்டுப் பையன் பெயர் பிரான். இருவருக்கும் ஒரே வயது. ஒருவன் பரீட்சையில் அதிக மார்க் வாங்கிவிட்டால், மற்றவன் வீட்டில் அன்று இரவு சோறு இறங்காது. “அந்த வீட்டுப் பையனோடு பேசாதே” என்பதுதான் இருவரும் முதன் முதலில் கற்ற பாடம்.

அப்படி வளர்ந்த இருவரும் வாலிபர்கள் ஆனார்கள். பிறகு என்ன நடந்தது? ஒருவரை ஒருவர் காதலித்தார்கள்!

ஆம். ஆணும் ஆணும் காதலிக்கும் கதை இது. தாய்லாந்தில் இப்படிப்பட்ட டெலிவிஷன் தொடர்கள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் மிகவும் பெயர் பெற்ற ஒன்றுதான் ‘பேட் படி’. ‘போக்கிரித் தோழன்’ என்று பொருள் கொள்ளலாம். 2021 அக்டோபர் 29-ந் தேதி தொடங்கி, 2022 ஜனவரி 21-ந் தேதி முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒளிபரப்பானது. மொத்தம் 12 பகுதிகள்.

தாய் மொழியில் இதன் பெயர் இன்னும் வேடிக்கையானது. “நண்பன் மட்டும்தாங்க, நண்பா!” என்று அதைத் தமிழில் சொல்லலாம். தாய் மொழியில் ஆண்கள் மரியாதைக்காகப் பேச்சின் முடிவில் ‘கிரப்’ என்று சேர்ப்பார்கள். நம் ஊரில் ‘ங்க’ போடுவது போல. அந்த ‘கிரப்’ இந்தப் பெயரிலும் இருக்கிறது. காதலை மறைக்கிறவன் பணிவாகப் பொய் சொல்லுகிறான்! பெயரிலேயே கதை தெரிந்துவிடுகிறது அல்லவா?

வேலி தாண்டிய சினேகம்

பெரியவர்கள் பகையை வளர்த்தார்கள். பிள்ளைகள் மனத்தில் வேறொன்று வளர்ந்தது.

சிறு வயதில் ஒரு நாள் பேட்டின் தங்கை பா தண்ணீரில் தத்தளித்தாள். அவளைக் காப்பாற்றியவன் பிரான். அன்று முதல் பேட்டின் மனத்தில் ஒரு நன்றிக் கடன். ஆனால் வெளியே சொல்ல முடியுமா? வெளியில் சண்டை, உள்ளே சினேகம்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது இருவரும் ஒரே இசைக் குழுவில் சேர்ந்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல்தான். விஷயம் பிரானின் தாயார் காதுக்கு எட்டியது. அவ்வளவுதான்! பிரானை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, வேறு பள்ளியில் விடுதியில் சேர்த்துவிட்டார்.

சில ஆண்டுகள் உருண்டன. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார்கள்.

விதி சும்மா விடுமா? பேட் சேர்ந்தது என்ஜினீயரிங். பிரான் சேர்ந்தது கட்டடக் கலை. அந்த இரண்டு பிரிவு மாணவர்களுக்கும் எப்போதும் அடிதடி. பேட் ஒரு கோஷ்டிக்குத் தலைவன். பிரான் எதிர்க் கோஷ்டிக்குத் தலைவன். வீட்டில் இருந்த பகை போதாதென்று, படிக்கப் போன இடத்திலும் பகை!

நாலு பேர் பார்க்கும்போது இருவரும் முறைத்துக் கொள்வார்கள். யாரும் இல்லாதபோது, அடிதடியை எப்படி நிறுத்தலாம் என்று ரகசியமாகக் கூடிப் பேசுவார்கள்.

உடைந்த பஸ் நிறுத்தம்

ஒரு சண்டையில் பஸ் நிறுத்தம் உடைந்து போகிறது. உடைத்தவர்களே அதைக் கட்டித்தர வேண்டியதாகிறது. இரண்டு கோஷ்டியும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும்!

கட்டடக் கலை மாணவர்கள் படம் போடுகிறவர்கள். என்ஜினீயரிங் மாணவர்கள் கணக்குப் பார்க்கிறவர்கள். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு தூண்கூட நிறுத்த முடியாது. உடைத்த கைகளே கட்டுகின்றன. கதையின் கருத்தை யாரும் பிரசங்கம் செய்யவில்லை. அந்தப் பஸ் நிறுத்தமே சொல்லிவிடுகிறது.

இருவரும் தங்கியிருப்பதும் எதிரெதிர் அறைகளில்தான். இங்கேதான் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

பிரான் சுத்தக்காரன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். பேட் நேர் எதிர். போட்டது போட்டபடி கிடக்கும். ஆஜானுபாகுவான அந்த முரட்டு வாலிபனுக்கு ஒரு பழைய பொம்மை இல்லாமல் இரவில் தூக்கம் வராது! அந்தப் பொம்மைக்குப் பெயர் ‘நோங் நாவ்’. நாற்றம் அடிக்கும் தம்பி என்பது போன்ற செல்லப் பெயர். கோஷ்டித் தலைவன் பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்தால், யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பொறாமை யார் மேல்?

நடுவில் இங்க் என்ற பெண் வருகிறாள். பள்ளித் தோழி. அவள் மேல் தனக்கு ஆசை என்று பேட் நினைக்கிறான். அவளும் பிரானும் சிரித்துப் பேசினால் பேட்டுக்கு நெஞ்சு எரிகிறது.

பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. இங்க் பிரானோடு பேசுவதால் வந்த எரிச்சல் அல்ல அது. பிரான் இங்க்கோடு பேசுவதால் வந்த எரிச்சல்! தன் மனம் தேடியது யாரை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிகிறது.

பிரானுக்கோ இது புதிய விஷயம் அல்ல. அவன் பல வருஷங்களாக மனத்தில் பூட்டி வைத்திருந்த ரகசியம். தெரிந்தால் இருக்கிற சினேகமும் போய்விடுமே என்ற பயம். அதனால்தான் அவன் எப்போதும் சிடுசிடுப்பாக இருந்தான்.

ஐந்தாம் பகுதியின் முடிவில், மாடியில், இரவு நேரத்தில் இருவரும் மனம் திறக்கிறார்கள். முத்தமிட்டுக் கொள்கிறார்கள். அடுத்த கணம் பிரான் அங்கிருந்து போய்விடுகிறான். ஆனந்தம் ஒரு பக்கம். வீட்டை நினைத்துப் பயம் ஒரு பக்கம். பிரான் கடலோரக் கிராமம் ஒன்றுக்குப் போக, பேட்டும் விடாமல் பின்தொடர்கிறான்.

அதற்குப் பிறகும் போட்டி விடவில்லை. யார் முதலில் விட்டுக் கொடுப்பது என்று பந்தயம்! குழந்தைப் பருவத்தில் மார்க்குக்குப் போட்டி போட்டவர்கள், இப்போது காதலில் போட்டி போடுகிறார்கள். பெற்றோர் ஊட்டிய விஷத்தையே விளையாட்டாக மாற்றிவிட்டார்கள்.

திரை விலகியது

ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? பிரானின் உயிர்த் தோழன் வாய். அவனிடம்கூடப் பிரான் உண்மையைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிய வந்தபோது கோபம் பொங்கியது. நாடக மேடையில், அத்தனை பேர் முன்னிலையில், இருவர் குட்டையும் உடைத்துவிட்டான்.

இங்கே ஆழமாக ஒன்றைக் காட்டுகிறார் டைரக்டர். ஆணை ஆண் காதலித்தான் என்பது வாயின் கோபத்துக்குக் காரணம் அல்ல. எதிரிக் கோஷ்டிக்காரனைக் காதலித்ததும், தன்னிடமே மறைத்ததும்தான் காரணம். நட்பில் பட்ட காயம் அது. பின்னர் நண்பர்கள் சமாதானம் ஆகிறார்கள். இரண்டு கோஷ்டிகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நாளும் வருகிறது.

இளைஞர்கள் சுலபமாக மாறிவிட்டார்கள். பெரியவர்கள்?

பகையின் வேர்

இரண்டு வீட்டுக்கும் பகை ஏன் வந்தது என்பதைப் பிள்ளைகள் பின்னால்தான் தெரிந்து கொள்கிறார்கள்.

பேட்டின் தகப்பனாரும் பிரானின் தாயாரும் ஒரு காலத்தில் நெருங்கிய சினேகிதர்கள். படிப்புக்கான உதவித்தொகை விஷயத்தில் அவர் அவளுக்குத் துரோகம் செய்துவிட்டார். அவளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய படிப்பு கைநழுவிப் போயிற்று. அந்த ரணம் ஆறவே இல்லை.

பேட்டுக்கு இது பேரிடி. தகப்பனார் சொன்னதையே வேதவாக்காக நம்பி வளர்ந்தவன் அவன். அடுத்த வீட்டார் கெட்டவர்கள் என்று நினைத்திருந்தான். குற்றம் தன் வீட்டில் இருந்தது!

கதையின் உயிர் நாடி இதுதான். பெற்றோர் பட்ட கடனைப் பிள்ளைகள் அடைக்கலாம். பெற்றோர் வளர்த்த பகையையும் பிள்ளைகள் சுமக்க வேண்டுமா?

இருவரும் ஓடிப் போகிறார்கள். அந்தக் கடலோரக் கிராமத்திலேயே சில நாள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் பெற்றவர்களைத் தவிக்க விட்டுவிட்டு எத்தனை நாள் இருப்பது? திரும்பி வருகிறார்கள். பிரிந்துவிட்டதாக வீட்டில் நடிக்கிறார்கள். வருஷங்கள் ஓடிய பிறகும் ஒன்றாகவே இருக்கிறார்கள்.

இரு வீட்டாரும் கட்டித் தழுவிக் கொள்ளும் கடைசிக் காட்சி இதில் கிடையாது. பகை முழுவதும் தீர்ந்துவிடவும் இல்லை. வாழ்க்கையில் நடப்பதும் அப்படித்தானே!

குவான் – ரியாம்

பகை வீட்டுக் காதல் என்றதும் உலகம் ரோமியோ – ஜூலியட்டைச் சொல்லும். தாய்லாந்துக்காரர்களுக்கு அவர்களுடைய கதையே ஒன்று உண்டு. 1936-ல் வெளிவந்த ‘பிலே காவ்’ என்ற நாவல். ‘பழைய காயம்’ என்று பொருள். பாங்காக் அருகே கால்வாய்க் கரைக் கிராமத்துக் காதலர்கள் குவான், ரியாம். பகைக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவரும் உயிரை விடுகிறார்கள். 1977-ல் அது புகழ் பெற்ற திரைப்படமாகவும் வந்தது.

பழைய கதையில் காதலர்கள் செத்தார்கள், பகை பிழைத்தது. புதிய கதையில் காதலர்கள் பிழைத்தார்கள்; பகை கிழடு தட்டிப் போயிற்று.

யார் யார்?

இத்தொடரை டைரக்ட் செய்தவர் நோப்பர்நாட் சைவிமோன். ‘ஆஃப்’ என்பது அவருடைய செல்லப் பெயர். தயாரித்தது ஜி.எம்.எம். டிவி நிறுவனம். ஒரு நாவலைத் தழுவி எடுக்கப்பட்டது.

பேட்டாக நடித்தவர் பவாட் சிட்சவாங்டீ. ரசிகர்கள் ‘ஓம்’ என்று அழைக்கிறார்கள். பிரானாக நடித்தவர் கோரபாட் கிர்ட்பான். ‘நானோன்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருவரும் 2000-ம் ஆண்டில் பிறந்தவர்கள். பேசாமல் நிற்கும்போதே கண்ணால் கதை சொல்லுவதில் நானோன் சமர்த்தர். உடம்பையே கோமாளித்தனமாக ஆட்டிச் சிரிக்க வைப்பதில் ஓம் சமர்த்தர்.

கதையில் இன்னொரு காதலும் உண்டு. பேட்டின் தங்கை பாவுக்கும் இங்க்குக்கும்தான்! அந்த வேடங்களில் நடித்த ‘லவ்’, ‘மில்க்’ என்ற இரு நடிகைகளும் 2024-ல் ‘23.5’ என்ற தொடரில் பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதையில் கதாநாயகிகள் ஆனார்கள்.

எப்படி வந்தது இந்த வழக்கம்?

இத்தகைய கதைகளைத் தாய்லாந்தில் ‘ஒய்’ தொடர்கள் என்கிறார்கள். ஜப்பானில் 1970-களில் பெண்கள் வரைந்த சித்திரக் கதைகளிலிருந்து வந்த வழக்கம் இது. அவற்றுக்கு வழங்கிய ‘யாவோய்’ என்ற ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்துத்தான் அந்த ‘ஒய்’. எழுதுகிறவர்களிலும் ரசிகர்களிலும் பெண்களே அதிகம்.

டெலிவிஷனில் 2014-ல் வந்த ‘லவ் சிக்’ வழி திறந்தது. 2020-ல், கொரோனாவால் ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ‘டுகெதர்’ என்ற தொடர் கடல் கடந்து பிலிப்பைன்ஸ், ஜப்பான் வரை போயிற்று.

குறைகளும் இல்லாமல் இல்லை. முன்பு வந்த பல கதைகளில் வற்புறுத்தலையே காதல் என்று காட்டினார்கள். இருவரில் ஒருவன் கணவன் போலவும், மற்றவன் மனைவி போலவும் நடக்க வேண்டும் என்று வைத்தார்கள். ‘பேட் படி’ அந்தச் சம்பிரதாயத்தைக் கேலி செய்தது. இங்கே இருவரும் சரிசமம். இருவரும் சண்டை போடுவார்கள், விட்டுக் கொடுப்பார்கள். தாய் மொழியில் காதலன், காதலி இருவருக்கும் ‘ஃபேன்’ என்ற ஒரே சொல்தான். அது இந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்திவிட்டது!

திரையில் ஒன்று; தெருவில் ஒன்று

டெலிவிஷனில் இத்தனை ஜோடிகள் கைகோத்து நடந்தார்கள். ஆனால் இந்தத் தொடர் வந்தபோது, தாய்லாந்தில் இரண்டு ஆண்கள் சட்டப்படி கல்யாணம் பதிவு செய்ய முடியாது. துணைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல உரிமை இல்லை. இறந்தால் சொத்தில் வாரிசு உரிமை இல்லை.

அந்த நிலை பின்னர் மாறியது. 2024 மார்ச் 27-ந் தேதி கீழ்ச்சபையில் சமத்துவத் திருமண மசோதா நிறைவேறியது. ஆதரவு 400 ஓட்டு, எதிர்ப்பு 10. ஜூன் 18-ந் தேதி மேல்சபையும் 130 ஓட்டுடன் ஏற்றது. எதிர்த்தவர்கள் 4 பேர்தான். 2025 ஜனவரி 23-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் இப்படிச் சட்டம் கொண்டுவந்த முதல் நாடு தாய்லாந்து.

சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் பல வருஷம் போராடிய மக்கள். தொடர்கள் அல்ல. என்றாலும், சாப்பாட்டு மேஜையில் பேசக் கூசிய ஒரு விஷயத்தை, குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்க்கும் விஷயமாக ஆக்கியதில் இத்தொடர்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது பேட்டும் பிரானும் நிஜமாகவே இருந்தால், நேராகப் பதிவு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடலாம். சட்டம் கதவைத் திறந்துவிட்டது.

அடுத்தடுத்த அந்த இரண்டு வீடுகளின் கதவைத் திறக்க வேண்டியவர்கள் மட்டும் பெற்றவர்கள்தான்!